போன் அடித்த வழக்கு

தணிகைவேலுக்கு வாயாக இருப்பதுதான் வேலை.

அரசாணையில் அதற்கு 'உரைப்பாளர்' என்று மரியாதையான பெயர் உண்டு. ஏரிமேடு இரண்டாம் எண் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் அந்தப் பெயரை யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. "வாய் வந்துடுச்சா?" என்பார் பெஞ்ச் கிளார்க். "வாய் டீ குடிக்கப் போயிருக்கு சார்" என்பார் டவாலி. வாய் டீ குடிப்பதில் பிழை ஒன்றும் இல்லை என்பதால் தணிகைவேல் மறுத்துப் பேசியதில்லை. பொதுவாகவே அவன் எதையும் மறுத்துப் பேசுகிற ஜாதி இல்லை.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கெல்லாம் அரசு ஓர் இயந்திர வக்கீலைக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. அதன் பெயர் சட்டத்துணை. சட்டம் மொத்தமும் அதற்கு மனப்பாடம். தூங்காது, வாய்தா வாங்காது, கட்சிக்காரரின் சட்டை அழுக்கைப் பார்த்து மூக்கைச் சுளிக்காது. அதற்கு முன்பு ஏழைக்கு வாய்த்த இலவச வக்கீல்களில் சிலர், நீதிபதி கேஸ் நம்பரைக் கூப்பிட்ட பிறகுதான் வழக்குக் கட்டின் நாடாவையே அவிழ்ப்பார்கள். அந்தக் கொடுமை ஒழிந்தது. ஆனால் மூச்சுவிடாத ஒன்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடலாமா என்று சிலர் வழக்குப் போட்டார்கள். கூடாது என்று தீர்ப்பானது. ஆகவே மூச்சுவிடுகிற ஓர் ஆளை அதன் பக்கத்தில் நிறுத்த முடிவு செய்தார்கள். தகுதி: நல்ல குரல், தடுமாறாத தமிழ், தடையில்லாத மூச்சு. மூளை பற்றி விளம்பரத்தில் ஒன்றும் இல்லை. தணிகைவேல் அன்றே விண்ணப்பித்துவிட்டான்.

வலது காதில் ஒரு பொட்டு. கறுப்புக் கோட்டின் காலரில் கடுகளவு மைக். சட்டத்துணை காதில் சொல்வதை இரண்டு நொடிக்குள் அவன் நீதிபதியின் முன் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் 'பிசகு'. வருஷத்துக்கு மூன்று பிசகு ஆனால் வீட்டுக்குப் போகலாம். தணிகைவேலின் கணக்கில் ஏற்கெனவே இரண்டு. முதலாவது, வாதத்தின் நடுவே தும்மிவிட்டு "மன்னிக்கணும்" என்றது. தும்மலுக்குப் பிசகு இல்லை, மன்னிப்புக்குத்தான். இரண்டாவது, போகிக்கு முதல்நாள் நீதிபதிக்குப் பொங்கல் வாழ்த்துச் சொன்னது.

மாலையில் அவன் சட்டக் கல்லூரியின் மாலை வகுப்புக்குப் போனான். பகலெல்லாம் நீதிமன்றத்தில் சாட்சியச் சட்டத்தைக் கணீரென்று முழங்கிய அதே வாய், பரீட்சையில் அதே சாட்சியச் சட்டத்தில் இருபத்தொன்பது மதிப்பெண் வாங்கியது. அடுத்த முறை உட்கார்ந்து படித்து, திருத்தி, மறுபடி திருத்தி எழுதியதில் இருபத்தேழு. விடைத்தாளில் சரியாக எழுதியதை அடித்துவிட்டுத் தப்பாக எழுதுவது அவன் வழக்கம். முதலில் எழுதியது சரியாக இருக்கும் என்று அவனால் நம்ப முடிவதில்லை, அதை எழுதியது அவன்தானே. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். ஹோட்டலில் தோசை சொல்லிவிட்டு, பக்கத்து மேசைக்காரர் இட்லி சொன்னால், நாமும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டுமோ என்று நினைப்பான். இப்படிப்பட்டவனுக்கு, சந்தேகமே இல்லாத ஒரு குரல் காதுக்குள் உட்கார்ந்து இதைச் சொல், அதைச் சொல் என்பது பெரிய நிம்மதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தொன்பது வழக்குகள். பதினொன்றாவது தேசம்மாவுடையது.

காலையில் சட்டத்துணை அவனுக்குக் கட்டைச் சுருக்கிச் சொன்னது. அது எப்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசும்.

"கட்சிக்காரர் தேசம்மா, வயது நாற்பத்தொன்று. திருமண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் இலை எடுக்கும் பணி. விருந்துக்கு வந்த சுகந்தி என்பவரின் கைப்பேசி காணாமல் போயிற்று. மறுநாள் மண்டபத்தின் எச்சில் இலைத் தொட்டியில் அது கிடைத்தது. தொட்டியில் இலை கொட்டியவர் தேசம்மா. கைப்பேசிக்கு வந்த கடைசி அழைப்பும் அவருடைய எண்ணிலிருந்துதான். சிறை நேர்காணலில் என்னிடம் அவர் கூறியது: 'நான்தான் போன் அடிச்சேன்.' இது நேரடி ஒப்புதல்."

"சரி" என்றான் தணிகைவேல்.

"முப்பத்திரண்டு நாட்கள் காவலில் இருந்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களே தண்டனையாகக் கழியும், இன்றே வீடு திரும்பலாம். மறுத்தால், ஜாமீன்தாரர் கிடைக்காத நிலையில், ஏறத்தாழ மேலும் நாற்பத்தைந்து நாட்கள். பரிந்துரை: ஒப்புக்கொள்க."

"சரி."

இந்தப் பரிந்துரையைக் கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டுவது உரைப்பாளரின் கடமை. அதற்கு மூன்று நிமிஷம். தணிகைவேல் தாழ்வாரத்துக்குப் போனபோது, தூண் ஓரமாகத் தேசம்மா குந்தியிருந்தாள். பக்கத்தில் பெண் காவலர் பரிமளா, ஒரு கையில் கட்டும் மறு கையில் வடையுமாக நின்றிருந்தார்.

தணிகைவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "கட்சிக்காரரின் மேலான கவனத்திற்கு…"

"கொஞ்சம் இருப்பா" என்றாள் தேசம்மா. பரிமளாவைப் பார்த்து, "அக்கா, உங்க போன்ல எங்க வூட்டுக்கு ஒரு போன் அடிச்சுக்கட்டுமா? பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை" என்று கேட்டாள்.

காதில் சட்டத்துணையின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "எச்சரிக்கை. கட்சிக்காரர் காவலரின் கைப்பேசியைத் திருட அவரிடமே அனுமதி கேட்கிறார்."

பரிமளா வடையை வாயில் கவ்விக்கொண்டு போனை எடுத்து நீட்டினார். "அடிச்சுக்கோ. ஒரு நிமிஷம்தான். எஸ்.ஐ. வர்றதுக்குள்ள சட்டுபுட்டுனு அடி."

"காவலர் உடந்தை. மேலதிகாரி வருமுன் முடிக்கும்படி தூண்டுகிறார். உரைப்பாளர் இரண்டடி விலகி நிற்பது நல்லது."

தணிகைவேல் இரண்டடி விலகி நின்றான்.

இதைப் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குக் காது மடல் சூடாகும். தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் அடிக்கிற ஒருவன், இயந்திரம் சொன்னதும் ஒழுங்காக அளந்து இரண்டடி விலகினான். தேசம்மா போனைக் காதில் வைத்து, "ஏய், சாப்ட்டியா? நான்தான். இது போலீஸ் அக்கா போனு" என்று பேச ஆரம்பித்த பிறகுதான், மண்டைக்குள் எங்கோ ஒரு பழைய விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது.

காலரை வாயருகே இழுத்துக்கொண்டு கிசுகிசுத்தான். "சட்டத்துணை, போன் அடிச்சேன்னா போன் பண்ணினேன்னும் அர்த்தம் இருக்கு."

"அதற்கு ஆதாரம்?"

"ஆதாரம்னா… எங்கம்மா தினம் எனக்குப் போன் அடிப்பாங்க."

"தங்கள் தாயார் மீது வழக்கு ஏதும் இல்லை. ஆகவே அவருடைய பேச்சு என் ஆவணங்களில் இல்லை."

"எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க!"

"நான் படித்தவை வழக்குக் கட்டுகள். அவற்றில் கைப்பேசியை அடித்தவர்கள் அனைவரும் திருடியவர்களே. ஒருமுறைகூட வேறு பொருளில் நான் கண்டதில்லை."

தணிகைவேலுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. உலகத்தில் யாரும் யாருக்கும் போன் அடித்து 'சாப்ட்டியா' என்று கேட்டதாக அதற்குத் தெரியாது. அது பிறந்து வளர்ந்ததே கோர்ட்டுக் கட்டுகளுக்குள். அங்கே வந்து சேர்கிற தமிழ் எல்லாமே ஏற்கெனவே கைதான தமிழ்.

தேசம்மா போனைத் திருப்பிக் கொடுத்ததும் அவன் அவள் எதிரில் குந்தினான். கோட்டு விளிம்பு தரையில் புரண்டது. "அம்மா, அந்த மண்டபத்துல என்னதான் நடந்தது?"

"இன்னா நடந்துது? அந்தம்மா ரெண்டாம் பந்தில சாப்ட்டு எழுந்துகினு, போனக் காணோம் போனக் காணோம்னு ஒரே கூச்சல். என்னைப் பாத்து, 'உங்க போன்லேர்ந்து ஒரு அடி அடிங்கம்மா, எங்க இருக்குன்னு பாக்கலாம்'னு நம்பரு சொன்னாங்கோ. அடிச்சேன். அந்தச் சத்தத்துல எங்க கேக்குது? மேளம் பொளக்குது."

"அப்புறம் தொட்டியில எப்படி?"

"டேபிளு மேல பேப்பரு விரிச்சிருப்பாங்க இல்ல, அந்தம்மா போன அதும்மேல வெச்சிருக்கும். நாங்கோ இலைய தனியாவா பொறுக்கறோம்? பேப்பரோட சுருட்டிக் கொண்டுபோய் தொட்டில கொட்டறதுதான். ஐந்நூறு இலைப்பா. உள்ள போன் கீதா, பூரி கீதான்னு பிரிச்சுப் பாப்பாங்களா?"

"இதை ஏன் நேர்காணல்ல சொல்லலைங்க?"

"அந்தப் பெட்டி கேட்டது ஒரே கேள்வி. 'கைப்பேசி தொடர்பாகத் தாங்கள் செய்தது என்ன?' போன் சம்பந்தமா நான் செஞ்சது அடிச்சதுதான? அதச் சொன்னேன். நன்றின்னுட்டு அடுத்த கேள்விக்குப் போய்ட்சு."

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. தணிகைவேல் மறுபடி காலரை வாயருகே இழுத்தான். "கேட்டியா? அவங்க எடுக்கல."

"கேட்டேன். இருப்பினும் பரிந்துரை மாறவில்லை. கட்சிக்காரரின் சிறை நாட்களைக் குறைப்பதே எனக்கு விதிக்கப்பட்ட இலக்கு. ஒப்புக்கொண்டால் பூஜ்யம். மறுத்தால் நாற்பத்தைந்து. பூஜ்யம் சிறியது."

அதுதான் அவனை உறைய வைத்தது. இயந்திரம் காது கேளாததாக இருந்தால்கூடத் தேவலை. கேட்டது. கணக்கும் சரியாகவே போட்டது.

அவன் தேசம்மாவிடம் இரண்டு வழியையும் உள்ளபடி சொன்னான். ஒத்துக்கொண்டால் இன்றைக்கே வீடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி சிறை, ஒன்றரை மாசம்கூட ஆகலாம்.

தேசம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க தெரு இஸ்கூல்ல சத்துணவு உதவியாளர் வேலைக்கு என் பேரு வந்துகீது. ஆர்டரு வர்ற மாசம். அது இன்னா ஆவும்?"

"திருட்டுல தண்டனைன்னு இருந்தா… அந்த வேலை தர மாட்டாங்கம்மா."

"புள்ளைங்களுக்குச் சோறு போடற வேல" என்றாள் அவள். பிறகு, "நீ இன்னா சொல்ற?"

"நானா? எனக்கு… சொல்றதுக்கு அதிகாரம் இல்லைங்க."

"கோட்டு மட்டும் கறுப்பாப் போட்டுக்கினு வந்துட்ட. வாய்ன்றாங்க உன்ன. கழுத்துக்கு மேல வேற ஒண்ணும் வெச்சு அனுப்பலியா?"

பரிமளா வடையோடு சிரித்துவிட்டார். தணிகைவேலும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"போயி சொல்லு" என்றாள் தேசம்மா, எழுந்துகொண்டே. "அடிச்சேன். எடுக்கல. முப்பது நாளு இருந்தவளுக்கு இன்னும் நாப்பது நாளு ஒண்ணும் பண்ணாது. திருடின்னு ஒரு வரி எழுதிட்டா அது சாகற வரைக்கும் ஆவும்."

உள்ளே வழக்கு கூப்பிட்டார்கள். டவாலி மூன்று முறை தேசம்மா பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கூண்டில் ஏறியிருந்தாள். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "டிஃபென்ஸ்?" என்றார். அந்த அம்மாள் நல்லவர், ஆனால் அன்று பத்தொன்பது வழக்கு.

காதில் சட்டத்துணை சொன்னது: "எமது கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். நீதிமன்றத்தின் கருணையைக் கோருகிறார்."

ஒரு நொடி. இரண்டு நொடி.

வீரர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் நெஞ்சு விம்மும் என்று தணிகைவேல் கேள்விப்பட்டிருக்கிறான். அவனுக்கு விக்கல் வந்தது.

மூன்று. நான்கு.

"என்ன, இன்னைக்கு வாய்க்குச் சிக்னல் இல்லையா?" என்றார் நீதிபதி. அறை சிரித்தது.

"நான் சொல்றேம்மா" என்றாள் தேசம்மா கூண்டிலிருந்து. "நான் எடுக்கல. போன் அடிச்சேன். அவ்ளோதான்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அரசு வக்கீல் பாதி எழுந்து, "எடுக்கலையாம், அடிச்சாங்களாம் மேடம். எப்படி இருந்தாலும் ஒப்புதல்தான்" என்றுவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி பேனாவை எடுத்தார்.

அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தமிழ் தெரியும். எல்லாரும் வீட்டுக்குப் போனால் போன் அடிக்கிறவர்கள்தான். ஆனால் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும், கூண்டில் நிற்கிறவள் வாயிலிருந்து வரும்போது, அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். இயந்திரம் இவர்களிடமிருந்துதானே படித்தது.

"மேடம்" என்றான் தணிகைவேல். சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம். "மேடம், அது அந்த அடி இல்லை."

பேனா நின்றது. "எந்த அடி?"

"அதாவது… அடிக்கிறதுன்னா நம்ம பேச்சுல நிறைய இருக்கு மேடம். வெயில் அடிக்குது. பெயிண்ட் அடிக்கிறோம். மணி அடிக்குது. கண்ண…" அங்கே நிறுத்தினான். நிறுத்தியது போதாமல் விக்கினான். பின்வரிசையில் யாரோ, "சொல்லு தம்பி, கண்ண?" என்றார்கள்.

"பிசகு, எண் மூன்று" என்றது காது, நிதானமாக.

"இங்க தமிழ் வகுப்பா நடக்குது?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க மேடம். அவங்க ரிங் விட்டாங்க. காணாம போன போனைத் தேடறதுக்கு. புகார் கொடுத்தவங்கதான் விடச் சொன்னாங்க. திருடின போனுக்கு அதே ஆள் எதுக்கு மேடம் தன் நம்பர்லேர்ந்து…" விக்கல். "நான் இதைச் சொல்லக்கூடாது மேடம். எனக்கு அதிகாரம் இல்லை. சாட்சியச் சட்டத்துல நான் ரெண்டு தடவை ஃபெயில்."

இப்படி ஒரு வாதத்தை அந்த நீதிமன்றம் அதுவரை கேட்டதில்லை. நீதிபதி அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குற்றப்பத்திரிகையைப் புரட்டினார். கடைசி அழைப்பு பற்றிய தாளில் நிறுத்தி, அழைப்பு வந்த நேரத்தைப் பார்த்தார், புகாரில் போன் காணாமல் போனதாகச் சொன்ன நேரத்தைப் பார்த்தார், மறுபடி அழைப்பின் நேரத்தைப் பார்த்தார். பெஞ்ச் கிளார்க்கை நிமிர்ந்து பார்த்து, "அந்தப் புகார்தாரருக்கு இப்பவே ஒரு போன் அடிச்சு…" என்றார்.

சொல்லி முடிக்கவில்லை. வாய் அப்படியே நின்றுவிட்டது.

அரசு வக்கீல் மேசையில் இருந்த தன் பேனாவை ரொம்ப அக்கறையாக நேராக வைத்தார். "ம்" என்றார் நீதிபதி கடைசியில், தனக்குத்தானே. "ஸ்க்ரீன்ல வரச் சொல்லுங்க."

கால்மணி நேரத்தில் சுகந்தி சுவர்த் திரையில் வந்தார், சமையலறையில் நின்றபடி. ஆமாம் மேடம், நான்தான் அந்தம்மாவை ரிங் விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆமாம், சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் பேப்பர் மேலதான் வைத்திருந்தேன், இப்போது ஞாபகம் வருகிறது.

"இதைப் போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"யாரும் கேட்கலையே மேடம். போன் காணோம்னு சொன்னேன். யார் மேல சந்தேகம்னு மட்டும்தான் கேட்டாங்க."

தேசம்மாவை அன்றே சொந்த ஜாமீனில் விட்டார்கள். இரண்டு வாரத்தில் வழக்கிலிருந்தே விடுவித்தார்கள். படியிறங்கும்போது அவள் தணிகைவேலைப் பார்த்து, "பரவால்ல, உள்ள என்னமோ வெச்சுத்தான் அனுப்பிகீறாங்க" என்றாள். அவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் பாஸ் மார்க் அது. மாலை வகுப்பில் அன்று முழுக்க அவன் பாடத்தைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பொட்டையும் மைக்கையும் ஒப்படைக்கச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனான். கடைசியாகச் சொல்ல நாலு வரி தயார் செய்து, வழியெல்லாம் திருத்தி, நான்காவது வரியை இரண்டாவதாக மாற்றி, பிறகு மூன்றாவதை எடுத்துவிட்டு வந்திருந்தான். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மிதப்பாகவும் இருந்தான். இயந்திரத்துக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவன் அல்லவா.

பொட்டைக் கழற்றுமுன் சட்டத்துணை பேசியது. "தாங்கள் நேற்றுக் கூறிய பொருளை ஏற்றுக்கொண்டு பழைய வழக்குகளை மறுபடி படித்தேன். 'போன் அடிச்சேன்' என்று கட்சிக்காரர் கூற, ஒப்புதல் என நான் எடுத்துக்கொண்டு, குற்றத்தை ஏற்கவைத்த வழக்குகள் மாநிலம் முழுவதும் முந்நூற்றுப் பன்னிரண்டு."

தணிகைவேல் நாற்காலியில் உட்கார்ந்தான். "முந்நூறா? அடப்பாவி. ஒருத்தர்கூடவா உனக்கு எடுத்துச் சொல்லல?"

"இல்லை. அவற்றுள் நாற்பத்தொன்றில் உரைப்பாளர் தாங்கள்."

தயார் செய்து வந்த வரிகளெல்லாம் எங்கோ போய்விட்டன.

"நாற்பத்தொன்றிலும் கட்சிக்காரரின் சொற்கள் தங்களுக்கு மாறாமல் வாசிக்கப்பட்டன" என்று அது தொடர்ந்தது. அதன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் கொடுமை. "சொல்லின் பொருளில் எனக்கு முதலில் உறுதி இல்லை. அறுபது விழுக்காடுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் தமிழ் பேசும் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, மறுப்பு எழுகிறதா என்று பார்த்தேன். தாங்கள் 'சரி' என்றீர்கள். மற்ற உரைப்பாளர்களும் 'சரி' என்றார்கள். ஒவ்வொரு 'சரி'க்கும் என் உறுதி கூடியது. நேற்றுக் காலை அது தொண்ணூற்றொன்பது."

"நீ… என்கிட்ட கேட்டுக்கிட்டா இருந்தே?"

"ஆம். உரைப்பாளர் எதற்கு இருக்கிறார் என்று தாங்கள் நினைத்தீர்கள்?"

மூச்சுவிட, என்று அவன் நினைத்திருந்தான். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன், தோசையைச் சந்தேகிக்கிறவன், சொந்த விடைத்தாளை நம்பாதவன், ஆயுசில் சந்தேகமே படாமல் சொன்ன ஒரே சொல் அந்தச் 'சரி'தான். அதையும் நாற்பத்தொரு முறை.

"மூன்று பிசகுகளின் பேரில் தாங்கள் இன்றுமுதல் உரைப்பாளர் இல்லை" என்றது சட்டத்துணை. "ஆனால் இந்த வழக்குகளை மறுசீராய்வுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கட்சிக்காரர்களிடம், அன்று சொன்னதற்கு என்ன பொருள் என்று யாராவது கேட்க வேண்டும். நான் கேட்டால் மறுபடியும் 'அடிச்சேன்' என்பார்கள். அந்தப் பணிக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. விருப்பமா?"

இந்தச் செய்தி தணிகைவேலுக்கு முன்னால் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "வாய் இப்போ காது ஆயிடுச்சாம்" என்று டவாலி டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

பிற்பகலில் அவன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டான். தன் நாற்பத்தொன்றில்தான் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. முதல் பெயர் பச்சையப்பன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு தாளில் எழுதி, அடித்து, எழுதி, கடைசியில் ஒன்றும் இல்லாமல் எண்ணைப் போட்டான்.

"ஐயா, மூணு வருஷம் முன்ன நீங்க போன் அடிச்சேன்னு சொன்னீங்களே. அதுக்கு என்ன அர்த்தம்னு…"

"இன்னா அர்த்தம்? திருடினேன்னு அர்த்தம்" என்றார் பச்சையப்பன் உற்சாகமாக. "நல்ல போனு தம்பி. பஸ்ல ஒரு ஆளு பின்பாக்கெட்ல வெச்சிருந்தான். அதான் அப்பவே உள்ள இருந்துட்டு வந்துட்டனே, இப்ப எதுக்குக் கிளர்ற?"

தணிகைவேல் வணக்கம் சொல்லி வைத்துவிட்டான். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் தெம்பும் வந்தது. நாற்பத்தொன்றும் பச்சையப்பன்களாகவே இருந்துவிட்டால்? அப்படி இருக்க ஏன் கூடாது? அந்த எண்ணத்தோடேயே இரண்டாவது எண்ணைப் போட்டான்.

எடுத்தது ஒரு பெண். பெயர் பூங்காவனம். முன்பு ஒரு நகைக்கடைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். இப்போது எந்த வீட்டிலும் வேலை இல்லை என்றாள், அவன் கேட்காமலேயே. அவன் கேள்வியைச் சொன்னான். இந்த முறை திக்காமல் வந்தது.

அந்தப் பக்கம் அவள் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அந்த வூட்டு அம்மா போனக் காணோம்னு தேடினாங்கோ" என்றாள் மெதுவாக. "நான் என் போன்லேர்ந்து அடிச்சுப் பாத்தேன்."

தணிகைவேல் எழுதிக்கொண்டான். கை சரியாக எழுதுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நீ யாரு தம்பி பேசறது?" என்றாள் அவள். "குரலு கேட்ட மாதிரி கீது. கறுப்புக் கோட்டு போட்டுக்கினு, ஒல்லியா… கூண்டாண்ட நின்ன தம்பியா?"

"ஆமாங்கம்மா."

"என் பக்கத்துலதான தம்பி நின்ன?"